இயந்திர நோயாளியிடம் பேசிப் பழகும் டாக்டர்கள்

சில வருடங்களுக்கு முன் அம்மாவுக்கு ஸ்கேன் எடுத்து, ரிப்போர்ட்டோடு ஒரு மருத்துவமனையின் ஓ.பி. அறைக்குப் போனோம். ஃபிலிமை உறையிலிருந்து உருவி ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்த இளம் டாக்டர், "மாஸ் ஒண்ணு தெரியுது. ஆன்காலஜிக்கு எழுதித் தர்றேன், பின்பக்கம் ரெண்டாவது மாடி" என்றார். எழுதினார், சீட்டைக் கிழித்துக் கொடுத்தார், அடுத்த டோக்கனைக் கூப்பிட்டார். 'மாஸ்' என்றால் கட்டி, 'ஆன்காலஜி' என்றால் புற்றுநோய்ப் பிரிவு என்று அம்மாவுக்குத் தெரியவில்லை. என் முகத்தைப் பார்த்தார். நான் சீட்டைப் பார்த்தேன். வெளியே வந்து திகைத்து நின்றபோது, ரத்த சாம்பிள் எடுக்கும் மேஜையில் இருந்த சிஸ்டர் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு, "உட்காருங்கம்மா. காலையில ஏதாவது சாப்பிட்டீங்களா?" என்று கேட்டார். அதுவரை வாயே திறக்காத அம்மா அப்போதுதான் அழுதார்.

அந்த டாக்டர் மேல் இருந்த கோபம் எனக்கு நாளாவட்டத்தில் வடிந்துவிட்டது. இருபத்தாறு வயது இருக்கும் அவருக்கு. வாசலில் அறுபது எழுபது பேர் வரிசை. கட்டியை எப்படிக் கண்டுபிடிப்பது என்று ஐந்தரை வருடம் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். கட்டி இருக்கிறது என்று ஒரு தாயிடம் எப்படிச் சொல்வது என்பதை யாராவது பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுத்திருப்பார்களா? சந்தேகம்தான்.

இப்போது அந்த வேலையைச் செயற்கை நுண்ணறிவிடம் கொடுத்துப் பார்க்கிறார்கள். முதலில் கேள்விப்பட்டபோது எனக்கு உறுத்தியது. உணர்வே இல்லாத ஒன்று, உணர்ந்து பேசுவதைக் கற்றுக்கொடுப்பதா? விஷயத்தைத் தேடிப் படித்த பிறகு என் எண்ணம் மாறியது. ஏன் மாறியது, எந்த இடத்தில் மாறவில்லை என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

18 வினாடி

1984-இல் ஹோவர்ட் பெக்மேன், ரிச்சர்ட் ஃபிராங்கெல் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள், டாக்டரும் நோயாளியும் சந்தித்துப் பேசிய 74 உரையாடல்களைப் பதிவு செய்து அலசினார்கள். "சொல்லுங்க, என்ன பிரச்சினை?" என்று டாக்டர் கேட்கிறார். நோயாளி ஆரம்பிக்கிறார். சராசரியாக 18 வினாடியில் டாக்டர் குறுக்கே புகுந்துவிடுகிறார். சொல்ல வந்ததைச் சொல்லி முடித்தவர்கள் 17 பேர்தான்.

"விட்டால் பேசிக்கொண்டே இருப்பார்கள், ஓ.பி. எப்போது முடிவது?" என்று டாக்டர்கள் கேட்பது வழக்கம். நியாயமான கேள்விதான். சுவிட்சர்லாந்தின் பாசல் நகரப் பல்கலைக்கழக மருத்துவமனையில் அதையும் அளந்து பார்த்தார்கள். 335 நோயாளிகள். குறுக்கிடாமல் விட்டபோது அவர்கள் பேசிய நேரம் சராசரியாக 92 வினாடி. நூற்றுக்கு 78 பேர் இரண்டு நிமிடத்துக்குள் தாங்களாகவே நிறுத்திக்கொண்டார்கள். 2002-இல் வெளியான ஆய்வு இது. ஒன்றரை நிமிடத்தில் ஒரு டம்ளர் டீகூட ஆறாது.

புற்றுநோய்ப் பிரிவில் நிலைமை இன்னும் கூர்மையாகத் தெரிகிறது. 2007-இல் அமெரிக்காவில் வந்த ஓர் ஆய்வில், புற்றுநோய் டாக்டர்களின் 398 உரையாடல்களைக் கேட்டார்கள். நோயாளி தன் பயத்தையோ துக்கத்தையோ வெளியே காட்டிய தருணங்கள் அவற்றில் 292 இருந்தன. நோயாளி மேலும் பேசும்படி டாக்டர் பதில் சொன்னது 22 சதவீதத் தருணங்களில் மட்டும்தான். மற்ற இடங்களில் பேச்சு வேறு பக்கம் போய்விட்டது. "ராத்திரி தூக்கமே வரல டாக்டர், என்னென்னமோ தோணுது" என்று நோயாளி சொல்ல, "மாத்திரை எழுதித் தர்றேன்" என்று டாக்டர் சொல்வதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். மாத்திரையில் தவறில்லை. அந்த 'என்னென்னமோ' என்ன என்று கேட்க ஆளில்லாமல் போயிற்று.

இரக்கம் பிறவிக் குணம், அதைக் கற்றுக்கொடுக்க முடியாது என்று பலர் நினைக்கிறார்கள். இரக்கம் மனசுக்குள் இருப்பது ஒன்று, அது எதிரில் இருப்பவருக்குப் போய்ச் சேருவது இன்னொன்று. ஒத்துணர்வு என்று மருத்துவக் கல்வியில் சொல்லும்போது இந்த இரண்டாவதையும் சேர்த்துத்தான் சொல்கிறார்கள். அதற்குப் பழக்கம் வேண்டும். கெட்ட செய்தியை நோயாளியிடம் எப்படிச் சொல்வது என்று வால்டர் பெய்ல், ராபர்ட் பக்மேன் ஆகிய டாக்டர்கள் 2000-இல் வெளியிட்ட ஆறு படி முறை இன்று உலகம் முழுக்கப் பாடமாக இருக்கிறது. தனியாக உட்கார்ந்து பேச இடம் அமைப்பது, நோயாளிக்கு ஏற்கெனவே என்ன தெரியும் என்று கேட்பது, எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறார் என்று கேட்பது, எளிய சொற்களில் விஷயத்தைச் சொல்வது, அதன் பின் வரும் அழுகைக்கோ கோபத்துக்கோ மௌனத்துக்கோ முகம் கொடுப்பது, கடைசியாக அடுத்து என்ன செய்யலாம் என்று சேர்ந்து யோசிப்பது. இதில் ஐந்தாவது படியில்தான் எல்லோரும் சறுக்குகிறார்கள். 'புற்றுநோய்' என்ற சொல்லைக் கேட்ட பிறகு நோயாளியின் காதில் கொஞ்ச நேரத்துக்கு எதுவும் ஏறாது. அந்த மௌனம் டாக்டரைச் சங்கடப்படுத்துகிறது. உடனே ஸ்டேஜ், கீமோ, தேதி என்று அடுக்கி நிரப்பிவிடுகிறார்.

வாழைப்பழத் தோலில் போட்ட தையல்

மருத்துவ மாணவர்கள் தையல் போடுவதை வாழைப்பழத் தோலில் பழகுவதுண்டு. தோல் கிழிந்தால் இன்னொரு பழம். மனுஷத் தோலில் ஊசி இறங்கும்போது கை ஓரளவு பழகியிருக்கும். பேச்சுக்கு அப்படி ஒரு வாழைப்பழம் வேண்டும் என்று முதலில் யோசித்தவர் ஹோவர்ட் பாரோஸ். லாஸ் ஏஞ்சலஸில் தெற்கு கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் இருந்த நரம்பியல் டாக்டர். 1963-இல், நரம்பு நோயால் கால் செயலிழந்த பெண்ணாக நடிக்க ஒருவருக்குப் பயிற்சி கொடுத்து, மாணவர்கள் முன் உட்கார வைத்தார். மருத்துவப் படிப்பில் நாடகம் எதற்கு என்று அன்று முகம் சுளித்தவர்கள் உண்டு. பிறகு அதுவே உலக வழக்கமாயிற்று. அமெரிக்காவில் லைசென்ஸ் வாங்கவே இப்படி நடிப்பவர்களிடம் பேசிக் காட்டும் தேர்வு ஒன்று 2004 முதல் இருந்தது. ஆயிரம் டாலருக்கு மேல் கட்டணம். கொரோனா வந்ததும் நிறுத்தினார்கள், 2021 ஜனவரியில் ஒரேயடியாகக் கைவிட்டார்கள்.

ஆளை வைத்துச் செய்தால் செலவு, நேரம், அறை எல்லாம் வேண்டும். இந்தியாவில் 2019-இல் சேர்ந்த எம்.பி.பி.எஸ். மாணவர்களிலிருந்து, மனப்பான்மை, நெறிமுறை, தகவல் தொடர்பு ஆகியவற்றுக்கென்றே 'ஏட்காம்' என்ற பாடப்பகுதி கட்டாயமாயிற்று. நல்ல முயற்சி, தாமதமாகவாவது வந்தது. ஆனால் ஒரு வகுப்பில் 150 பேர், சில கல்லூரிகளில் 250 பேர். இரண்டு பேர் முன்னால் வந்து ஒருவர் டாக்டராகவும் ஒருவர் நோயாளியாகவும் நடிக்க, மற்றவர்கள் வேடிக்கை பார்ப்பார்கள். ஹாஸ்டல் நண்பன் எதிரில் உட்கார்ந்து "எனக்குப் பயமா இருக்கு டாக்டர்" என்றால் சிரிப்புதான் வரும்.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. அமெரிக்காவின் ஜெஃபர்சன் மருத்துவக் கல்லூரியில் முகம்மத்ரேசா ஹோஜாத் குழுவினர் மாணவர்களை வருடா வருடம் அளந்து 2009-இல் எழுதினார்கள்: மூன்றாம் வருடத்தில், அதாவது மாணவர்கள் உண்மையான நோயாளிகளைப் பார்க்கப் போகும் அதே நேரத்தில், ஒத்துணர்வு சரிகிறது. அங்கே சீனியர்கள் பேசுவதைப் பார்த்துப் பார்த்து அதுவே இவர்களுக்கும் ஒட்டிக்கொள்கிறது. ஆக, முதல் வருட வகுப்பில் ஒருமுறை நடித்துக் காட்டினால் போதாது. வார்டுக்குப் போன பிறகும் திரும்பத் திரும்பப் பழக வேண்டும். இயந்திரத்துக்கு வேலை இங்கேதான்.

முதல் இயந்திர டாக்டரும் முதல் இயந்திர நோயாளியும்

1966-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. கல்வி நிறுவனத்தில் ஜோசஃப் வைசன்பாம் எலிசா என்ற நிரலை எழுதினார். நாம் தட்டச்சு செய்வதையே திருப்பிக் கேள்வியாக்கும், மனநல ஆலோசகர் போல. புரிதல் துளியும் கிடையாது. ஆனாலும் அவருடைய செயலாளர் அதனிடம் பேச ஆரம்பித்ததும், "கொஞ்சம் வெளியே இருங்களேன்" என்று அவரையே கேட்டுக்கொண்டார். வைசன்பாமை அது வாழ்நாள் முழுக்க உறுத்தியது. ஆறு வருடம் கழித்து, 1972-இல், ஸ்டான்ஃபோர்டின் மனநல மருத்துவர் கென்னத் கோல்பி எதிர்ப்பக்கத்தைச் செய்தார். பேரி என்ற அவருடைய நிரல், சந்தேக நோயால் அவதிப்படும் ஒருவரைப் போலப் பேசியது. உரையாடலைப் படித்த மனநல மருத்துவர்களால் எது நிரல், எது மனிதர் என்று சரியாகப் பிரிக்க முடியவில்லை. இன்றைய பயிற்சிக் கருவிகளுக்கு எலிசாவை விடப் பேரிதான் நெருங்கிய மூதாதை என்பேன். அது யாரையும் தேற்றவில்லை, நோயாளியாக உட்கார்ந்து கொண்டது.

நடுவில் வந்த ஒரு முயற்சியை நான் மிகவும் மதிக்கிறேன். அமெரிக்க டாக்டர் ஜேம்ஸ் டல்ஸ்கி குழுவினர் 48 புற்றுநோய் டாக்டர்களின் உண்மையான உரையாடல்களைப் பதிவு செய்தார்கள். எல்லோருக்கும் ஒரு விரிவுரை. பாதிப் பேருக்கு மட்டும் கூடுதலாக ஒரு சிடி. அவரவர் சிடியில் அவரவர் குரலே இருந்தது: இந்த இடத்தில் நோயாளி இப்படிச் சொன்னார், நீங்கள் இப்படிப் பதில் சொன்னீர்கள். 2011-இல் முடிவு வந்தது. சிடி பெற்ற டாக்டர்கள் ஒத்துணர்வோடு பேசிய வாக்கியங்கள் மற்றவர்களைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு. அவர்களுடைய நோயாளிகளுக்கு டாக்டர் மேல் நம்பிக்கையும் கூடியிருந்தது. செயற்கை நுண்ணறிவு எதுவும் அதில் இல்லை, பதிவுகளை மனிதர்களே உட்கார்ந்து கேட்டுக் குறித்தார்கள். தன் பேச்சைத் தானே கேட்பதுதான் மருந்தாக இருந்தது.

கேட்டுக் குறிக்கும் அந்த வேலையைத்தான் இப்போதைய மொழி மாதிரிகள், அதாவது சாட்ஜிபிடி போன்றவற்றை இயக்கும் நிரல்கள், சில நொடிகளில் செய்கின்றன. நியூயார்க் மாநிலத்தில் ரோச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் சோஃபி என்ற திரை நோயாளியை உருவாக்கியிருக்கிறார்கள். சோஃபிக்கு முற்றிய நுரையீரல் புற்றுநோய். வலியைப் பற்றிக் கேட்பாள், இனி என்ன ஆகும் என்று கேட்பாள். பேசி முடித்ததும் மாணவருக்கு மதிப்பீடு வரும்: உணர்வுக்குப் பதில் சொன்னீர்களா, விஷயத்தை ஒளிக்காமல் சொன்னீர்களா, முடிவெடுப்பதில் அவளுக்கு இடம் கொடுத்தீர்களா என்று மூன்று கோணத்தில். டார்ட்மவுத் மருத்துவக் கல்லூரியிலும் இயந்திர நோயாளிச் செயலி ஒன்று புழக்கத்தில் இருக்கிறது.

நானே பேசிப் பார்த்தேன்

படித்தால் மட்டும் போதாது என்று ஒரு ராத்திரி ஒரு பொதுவான சாட்பாட்டைத் திறந்தேன். "நீங்கள் 58 வயது அம்மா, திண்டிவனம் பக்கம் கிராமம். ஸ்கேனில் கட்டி இருப்பது உங்களுக்குத் தெரியாது. மகன் அறைக்கு வெளியே நிற்கிறார். நான் டாக்டர்" என்று எழுதினேன்.

"ரிப்போர்ட்ல என்ன வந்திருக்கு டாக்டர்? பயப்படற மாதிரி ஒண்ணும் இல்லியே?"

"ஒரு கட்டி தெரியுதும்மா. கவலைப்படாதீங்க, இப்ப நல்ல ட்ரீட்மெண்ட் எல்லாம் வந்திருக்கு, சரி பண்ணிடலாம்."

"எங்க அக்காவுக்கும் இப்படித்தான் சொன்னாங்க..."

"பயாப்ஸி எடுத்தாதான்மா எதுவும் சொல்ல முடியும்."

தட்டி முடித்துவிட்டுத்தான் பார்த்தேன். அக்கா என்று அந்த அம்மா ஒரு கதவைத் திறந்து வைத்தார், நான் பயாப்ஸியால் அதைச் சாத்திவிட்டேன். வாசலில் வரிசை இல்லை, எனக்கு எந்த அவசரமும் இல்லை. இருந்தும் அதையேதான் செய்தேன். அந்த இளம் டாக்டரை அன்றுதான் நான் கொஞ்சம் புரிந்துகொண்டேன்.

மறுபடி ஆரம்பித்தேன். இரண்டாம் முறையும் சொதப்பினேன். மூன்றாம் முறை, "உங்க அக்காவுக்கு என்ன ஆச்சும்மா?" என்று மட்டும் கேட்டுவிட்டு நிறுத்தினேன். அக்கா ஆஸ்பத்திரிக்குப் போய்த் திரும்பி வரவே இல்லை என்ற கதை வந்தது. அதன் பிறகு பேச்சு வேறு மாதிரி போயிற்று. இந்த மூன்று முயற்சியில் உண்மையான ஓர் அம்மாவின் மனசும் புண்படவில்லை. என் சொதப்பலை யாரும் பார்த்துச் சிரிக்கவில்லை. இயந்திரம் இந்த இடத்தில் தரக்கூடியது இதுதான்: வெட்கப்படாமல் தப்புச் செய்ய ஓர் இடம். அதற்கு உணர்வு இருக்கிறதா என்ற கேள்வி இங்கே தேவையே இல்லை. வாழைப்பழத்துக்கு வலிக்குமா என்று நாம் கேட்பதில்லை.

அப்புறம் மதிப்பீடு கேட்டேன். "நோயாளியின் பயத்துக்குப் பதில் சொல்லவில்லை" என்றது. சரி. "அதற்குப் பதிலாக, 'இது உங்களுக்கு எவ்வளவு கடினமாக இருக்கும் என்பதை என்னால் புரிந்துகொள்ள முடிகிறது' என்று கூறியிருக்கலாம்" என்றது. திண்டிவனத்து அம்மாவிடம் இப்படி ஒரு வாக்கியத்தைச் சொன்னால், டாக்டர் ஏதோ நோட்டீஸ் படிக்கிறார் என்றுதான் நினைப்பார். ஆங்கிலத்தில் இயல்பாக ஒலிக்கும் வாக்கியம் அது, அப்படியே பெயர்த்து வைத்திருக்கிறது. நம் ஊரில் அதே விஷயம் "பக்குன்னு இருக்குல்லம்மா" என்று வரும். அல்லது சொல்லே இல்லாமல், நாற்காலியைக் கொஞ்சம் முன்னால் நகர்த்துவதில் வரும்.

இன்னொரு முயற்சியில் வேண்டுமென்றே, "காலையில சாப்பிட்டீங்களாம்மா?" என்று ஆரம்பித்தேன். "கேள்வி உரையாடலின் நோக்கத்துக்குத் தொடர்பற்றது" என்று குறித்துவிட்டது. எனக்கு அந்த சிஸ்டர் ஞாபகம் வந்தார். இந்த மதிப்பெண் முறையில் அவருக்குப் பூஜ்யம்தான் கிடைத்திருக்கும்.

மகனைப் பற்றியும் சொல்ல வேண்டும். அறைக்கு வெளியே நிற்கிறார் என்று நான் எழுதிக்கொடுத்த மகன் கடைசி வரை உள்ளே வரவே இல்லை. சோஃபியைப் பற்றி நான் படித்ததிலும் நோயாளி தனியாகத்தான் இருக்கிறாள். நம் வார்டில் யார் தனியாக வருகிறார்கள்? டாக்டரைக் காரிடாரில் மறித்து, "அம்மாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க சார், தாங்க மாட்டாங்க" என்று மகன் கெஞ்சுவார். உள்ளே அம்மாவோ, "எனக்குத் தெரியும் டாக்டர், பையன்கிட்ட சொல்லாதீங்க, உடைஞ்சிடுவான்" என்பார். இருவருக்கும் நடுவில் நின்று, இருவரையும் ஏமாற்றாமல் பேச வேண்டும். வலி தணிப்புச் சிகிச்சையில் இருப்பவர்களுக்கு இது அன்றாடம். எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறீர்கள் என்று நோயாளியைக் கேட்கும் மூன்றாவது படி, இங்கே முதலில் மகனைத் தாண்டித்தான் போக வேண்டும். தமிழில் பயிற்சிக் கருவி செய்பவர்கள் இந்தக் காரிடாரிலிருந்து தொடங்க வேண்டும் என்பது என் கருத்து.

யார் முன்னால் வைப்பது

2023-இல் வெளியான ஓர் ஆய்வு பெரிதாகப் பேசப்பட்டது. ரெட்டிட் என்ற இணைய விவாதத் தளத்தில் மக்கள் கேட்ட 195 மருத்துவக் கேள்விகளுக்கு டாக்டர்கள் தந்த பதிலையும் சாட்ஜிபிடி தந்த பதிலையும் நிபுணர்களிடம் காட்டினார்கள். 78.6 சதவீத மதிப்பீடுகளில் இயந்திரத்தின் பதிலுக்கே ஓட்டு. ஒத்துணர்வு மிக்கவை என்று குறிக்கப்பட்டவை இயந்திரத்தில் 45.1 சதவீதம், டாக்டர்களில் 4.6. டாக்டரைவிட இயந்திரத்துக்கு இரக்கம் அதிகம் என்று தலைப்பு போட்டார்கள். கூடவே படிக்க வேண்டிய எண் ஒன்று உண்டு: டாக்டர்களின் பதில் சராசரியாக 52 வார்த்தை, இயந்திரத்தின் பதில் 211. சம்பளமில்லாமல், முன்பின் தெரியாத ஒருவருக்குத் தட்டிய பதில்கள் அவை. படித்து மதிப்பிட்டவர்கள் யாரும் நோயாளிகள் இல்லை. அந்த ஆய்வு டாக்டர்களின் மனசை அளக்கவில்லை, அவர்களுக்குக் கிடைக்காத நேரத்தை அளந்தது என்றே எனக்குத் தோன்றுகிறது.

அடுத்த வருடம் வந்த இன்னோர் ஆய்வு இதைத் தெளிவாக்கியது. இயந்திரம் எழுதிய பதிலைப் படித்தவர்கள் தாங்கள் சொன்னது கேட்கப்பட்டதாக உணர்ந்தார்கள். எழுதியது இயந்திரம் என்று தெரிந்ததும் அந்த உணர்வு குறைந்துவிட்டது. நியாயம்தானே. ஒருவர் தன் நேரத்தை நமக்காகச் செலவழித்தார் என்பதில்தான் பாதி ஆறுதல் இருக்கிறது. அதனால் இந்தக் கருவியை நோயாளி முன்னால் வைப்பதை விட, டாக்டர் வார்டுக்குப் போகும் முன் வைப்பதே சரி என்பது என் பக்கம்.

அப்படி வைத்தாலும் கவனம் வேண்டும். மதிப்பெண் வரும் என்றால் மாணவர்கள் மதிப்பெண்ணுக்குப் பேசக் கற்றுக்கொள்வார்கள். எந்த வாக்கியத்துக்கு எத்தனை புள்ளி என்று இரண்டு நாளில் கண்டுபிடித்துவிடுவார்கள், அதை மனப்பாடமாக நோயாளியிடம் ஒப்பிப்பார்கள். ஆகவே இயந்திரத்தோடு பேசிய பதிவை ஒரு சீனியர் டாக்டர், மாணவரோடு உட்கார்ந்து பார்ப்பது அவசியம். உண்மையான நோயாளிகளின் உரையாடலைப் பதிவு செய்து கருவிக்கு ஊட்டுவதாக இருந்தால், ஓ.பி. சீட்டின் பின்பக்கம் கையெழுத்து வாங்குவது சம்மதம் ஆகாது. எதற்கு, யார் கேட்பார்கள், வேண்டாம் என்றால் சிகிச்சை பாதிக்காது என்பதை அவரவர் மொழியில் சொல்லிக் கேட்க வேண்டும். சொல்லப்போனால், அந்தச் சம்மதத்தைக் கேட்பதே இந்தப் பயிற்சியின் முதல் பாடமாக இருக்கலாம்.

நான் படித்த கருவிகள் பெரும்பாலும் டாக்டர்களையும் மருத்துவ மாணவர்களையும் மனதில் வைத்தவை. நம் மருத்துவமனைகளில் டாக்டர் ரவுண்ட்ஸ் முடித்துப் போன பிறகு, "டாக்டர் என்னம்மா சொல்லிட்டுப் போனாரு?" என்று குடும்பம் கேட்பது சிஸ்டரிடம்தான். பதில் சொல்வதும் அவர்தான், பெரும்பாலும் நின்றுகொண்டே, கையில் ட்ரிப் பாட்டிலோடு. அவர்களுக்கும் இந்தப் பயிற்சி வேண்டும். அதற்கு முன், தமிழில் பேசும் இயந்திர நோயாளியை உருவாக்கப் போகிறவர்கள் ஒரு வாரம் ரத்த சாம்பிள் மேஜைக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்து, அங்கே யார் யாரிடம் என்ன கேட்கிறார்கள், எப்போது பேசாமல் இருக்கிறார்கள் என்று எழுதி எடுத்து வரட்டும். அந்த சிஸ்டருக்குப் பூஜ்யம் போடாத மதிப்பெண் முறையை அந்த நோட்டிலிருந்து எழுதலாம்.